சாவி யாரிடம் இருந்தது

நான் பார்த்த வேலையில் இப்போது இருக்கும் கார்த்திக் போன மாதம் போன் செய்தான்.

"ஆன்ட்டி, புதுசா சேர்றவங்களுக்கு ஒரு சேஃப்டி வீடியோ ஷூட் பண்றோம். நீங்க வந்து ரெண்டு நிமிஷம் பேசணும். உங்க எக்ஸ்பீரியன்ஸ்லேர்ந்து ஏதாவது இன்ஸ்பயரிங்கா."

"இன்ஸ்பயரிங்காவா?"

"ஆமா ஆன்ட்டி. பாசிட்டிவா இருந்தா போதும்."

இருபத்தோரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு இரண்டு நிமிஷம் தருகிறார்கள். அதிலும் பாசிட்டிவாகப் பேச வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் என்னிடம் சொல்வதற்கு இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அது இரண்டு நிமிஷத்தில் அடங்காது, பாசிட்டிவாகவும் இருக்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. சொந்த ஊர் வேலூர். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கணவருக்கு வேலை கிடைத்த இடமென்று நியூ ஜெர்சிக்கு வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒரு உணவுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இட்லி மாவு, தோசை மாவு, ஃப்ரீசரில் வைக்கும் பரோட்டா, சப்பாத்தி என்று இந்தியக் கடைகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடுக்கியிருப்பதெல்லாம் அங்கே தயாரானவை. முதலில் பேக்கிங். பிறகு, இங்கிலீஷ் எழுத வருகிறதென்று, சேஃப்டிக்கு ஆள் பழக்கும் வேலையில் போட்டார்கள்.

பழக்க வேண்டிய ஆட்களைப் பார்க்க வேண்டுமே. எம்.இ. முடித்துவிட்டுக் கணவனோடு வந்து, வொர்க் பெர்மிட் கையில் கிடைத்த மறுநாளே வந்து நிற்கும் பெண்கள். ஊரில் பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிட்டையராகி, மகன் ஸ்பான்சர் பண்ணி கிரீன் கார்டில் வந்து, வீட்டில் மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் கிளம்பி வந்த பெரியவர்கள். வீட்டு கிரைண்டரைவிடப் பெரிய மிஷினை ஒருவரும் தொட்டதில்லை. எங்கள் பரோட்டா மாவு மிக்சரோ, ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவு.

எல்லோரும் என்னை ஆன்ட்டி என்றார்கள். என்னைவிட நாலு வயது மூத்த பாலு அங்கிள்கூட என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ரே என்ற வெள்ளைக்காரர். நான்கு வாரம் இருந்தார். அதிகம் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்றுதான். மிஷினைக் கழுவப் போகிறவர்கள் முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். அதில் ஆறு ஓட்டை உள்ள ஒரு இரும்புக் கொக்கியை மாட்ட வேண்டும். உள்ளே கைவிடப் போகிற ஒவ்வொருவரும் தன் பெயரும் போட்டோவும் ஒட்டிய சிவப்புப் பூட்டை அந்த ஓட்டையில் போட்டுப் பூட்ட வேண்டும். சாவி அவரவர் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே திறக்க வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் சுவிட்ச் ஏறும். ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்றால் அவள் சாவியும் அவளோடு உள்ளே இருக்கிறது. அந்தக் கடவுளே வந்தாலும் அந்த மிஷினை ஓட்ட முடியாது.

ரே ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, "உன் சாவியைக் காட்டு" என்பார். எடுத்துக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போவார். அந்த நேரம் முழுக்க இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது திமிராகப் பட்டது. ஜெயில் வார்டன் மாதிரி நிற்கிறாரே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அதற்கு அவர், "முதல் நாள் கையை முன்னால் வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் இல்லை, எல்லோரும். ரொம்ப மரியாதைக்காரர்கள். பெரியவர் கையை நீட்டினால் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் கையைக் கட்டிக்கொண்டேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ரே போன பிறகு சில வருஷம் நான் அப்படியே செய்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன், அவர்கள் காட்டினார்கள். பிறகு பாக்கெட் பிரச்சினை வந்தது.

உணவுத் தொழிற்சாலையில் போடும் வெள்ளைக் கோட்டில் பாக்கெட் இருக்காது. பேனாவோ சில்லறையோ மாவில் விழுந்துவிடும் என்று. அதுவரை எல்லோரும் கீழே போட்டிருந்த பேண்ட் பாக்கெட்டில் சாவியை வைத்துக்கொண்டிருந்தார்கள். குவாலிட்டி டிபார்ட்மென்ட் அதையும் நிறுத்தியது. பாக்கெட் இல்லாத பேண்ட்தான் போட வேண்டும் என்றார்கள். பெண்களில் பாதிப் பேர் லெகிங்ஸ்தான், அதில் ஏது பாக்கெட்? கழுத்தில் கயிறு கட்டி மாட்டக் கூடாது, மிஷினில் சிக்கும். மணிக்கட்டில் சுருள் வளையம் போடலாமா என்று கேட்டேன், பிளாஸ்டிக் மாவில் விழும் என்றார்கள்.

எங்கள் பிளான்ட் மேனேஜரிடம் போனேன். அவர் பெயர் தியாகராஜன். அமெரிக்காவில் கம்பெனி பிரசிடென்டையே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு மட்டும் அவர் தியாகு சார். அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தியதே கிடையாது. யார் எதற்குப் போனாலும் முதலில் "சாப்டீங்களா?" என்பார். நாற்காலியைத் தானே இழுத்துப் போடுவார். நாம் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கடைசியில், "உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பாத்து ஒரு வழி பண்ணுங்க" என்பார். இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. வெளியே வரும்போது நம்மை எவ்வளவு நம்புகிறார் என்று மனசு குளிர்ந்துவிடும். அந்தக் கம்பெனியில் அவர் எடுத்த முடிவு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நாங்கள் எடுத்த முடிவுதான்.

அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். "நீங்களே ஒரு வழி பண்ணுங்க ரெஜினா."

நான் வழி பண்ணினேன். ஒரு பெரிய இரும்பு வளையம் வாங்கினேன். "சாவிய எங்க ஆன்ட்டி வைக்கிறது?" என்று கேட்ட பெண்களிடம் கையை நீட்டினேன். கொடுத்தார்கள். எல்லார் சாவியையும் வளையத்தில் கோத்து என் பெல்ட்டில் மாட்டிக்கொண்டேன். கழுவி முடிந்ததும் ஒவ்வொருவரும் வந்து என்னிடமே வாங்கிப் போய்த் திறந்தார்கள். முதல் வாரம் மனசு உறுத்தியது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரத்தில், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. நடந்தால் இடுப்பில் சாவிக் கொத்து குலுங்கும். பெரிய வீட்டு மாமியார் தோரணை. "ஆன்ட்டி கிட்ட இருக்கு, நமக்கென்ன பயம்" என்று பெண்கள் பேசிக்கொள்வது காதில் விழும்.

இவ்வளவுக்கும், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் என் முன்னால் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். "என் சாவியை வேறு யாரிடமும் ஒப்படைக்க மாட்டேன்" என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்ட அரை மணி நேரத்தில் சாவியை என்னிடம் கொடுப்பார்கள். ஆன்ட்டி என்ன வேறு யாரோவா? இந்த அநியாயம் எனக்கும் உறைக்கவில்லை, அவர்களுக்கும் உறைக்கவில்லை.

சிந்துஜா சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கரூர்ப் பெண், எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். கல்யாணமாகி வந்து எட்டு மாதம். தாளைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். இவள் முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "ஆன்ட்டி, சாவி என்கிட்டதானே இருக்கணும்னு போட்டிருக்கு?" என்றாள்.

"பாக்கெட் இல்லையேம்மா, எங்க வைப்பே? என்கிட்ட இருந்தா உன்கிட்ட இருக்கற மாதிரிதான்."

"சரி ஆன்ட்டி" என்று கொடுத்தாள். கேட்ட ஒரே பெண் அவள். அவள் வாயையும் நான்தான் அடைத்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம். மிக்சரைக் கழுவ ஆறு பேர் பூட்டுப் போட்டிருந்தார்கள், ஆறு சாவியும் என் வளையத்தில். அன்றைக்கு ஏதோ ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஆட்கள் ஃபேக்டரி பார்க்க வந்திருந்தார்கள். வாக்கி டாக்கியில் தியாகு சார் கூப்பிட்டார். "ரெஜினா, ரெண்டு நிமிஷம் ஃப்ரண்ட் ஆபீசுக்கு வர முடியுமா? சேஃப்டி பத்திக் கேக்கறாங்க. நீங்க சொன்னாதான் நல்லா இருக்கும். அப்படியே அவங்க உள்ள வர்றப்ப லைன் ஓடிட்டிருந்தா இன்னும் நல்லா இருக்கும், உங்களுக்குத் தெரியாததா."

மிக்சரும் மற்ற மிஷின்களும் வரிசையாக ஓடும் அந்த லைனின் பொறுப்பில் பாலு அங்கிள் இருந்தார். முப்பது வருஷம் பேங்க்கில் வேலை பார்த்தவர், ஒரு பைசா கணக்குத் தப்பாத மனிதர். வளையத்தை பெல்ட்டிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "முடிச்சதும் ஓட விடுங்க அங்கிள்" என்றேன்.

ஃப்ரண்ட் ஆபீசில் காபி வைத்திருந்தார்கள். திரையில் என்னுடைய ஸ்லைடு. ஓர் ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. ரே சொல்லிக்கொடுத்ததை அப்படியே விளக்கிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மனிதக் குரல் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

பாலு அங்கிள் சுவிட்ச் பக்கம் நின்று, "எல்லாரும் வந்தாச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறார். யாரோ "வந்தாச்சு அங்கிள்" என்றிருக்கிறார்கள். சிந்துஜா மிக்சருக்குள் குனிந்து, மாவு பிசையும் கொக்கிக்குப் பின்னால் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காதில் அடைப்பான், பக்கத்தில் தண்ணீர் பைப்பின் இரைச்சல். நடுவில் நிறுத்தியிருந்த தள்ளுவண்டி அவளை மறைத்துவிட்டது. அவள் பூட்டையும் சேர்த்து ஆறையும் அவரே திறந்து, சுவிட்சை ஏற்றி, பட்டனை அழுத்தினார்.

வலது கை. கட்டை விரல் மிஞ்சியது. மற்ற நாலும் போய்விட்டன.

பாலு அங்கிள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எண்ணினேன் ஆன்ட்டி. ஆறு பூட்டு, ஆறு சாவி. சரியா இருந்துச்சு. எண்ணிட்டுத்தான் ஆன்ட்டி தெறந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றோடு அவர் வேலைக்கு வரவில்லை. குவாலிட்டி டிபார்ட்மென்ட் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அந்த மிக்சருக்குப் பக்கத்தில் இருந்த எத்தனை தட்டு மாவைக் கொட்ட வேண்டும் என்பது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. அவள் கணவன் ஜன்னலோரம் நின்று போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தான். ஊரிலிருந்து மாமியார் பேசிக்கொண்டிருந்தார். "இவ்ளோ படிச்ச பொண்ணு, மிஷின நிறுத்திட்டுக் கைய விடணும்னு தெரியாதா? கவனம் வேணாமா?" அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிந்துஜா என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க சொல்லுங்களேன்" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மிஷினை நிறுத்தினாள், பூட்டினாள், எல்லாம் சரியாகச் செய்தாள், சாவியை வாங்கிக்கொண்டது நான் என்று அந்த அறையில் அந்த இரண்டு பேரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதி, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், முதல்ல உடம்பத் தேத்து" என்றேன். பார்க்கிறவர்களுக்குப் பாசமாகத்தான் தெரிந்திருக்கும்.

அன்று மாலை தியாகு சார் கூப்பிட்டார். "சாப்டீங்களா?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். விபத்து ரிப்போர்ட் மேஜையில் இருந்தது. "உள்ளத உள்ளபடி எழுதுங்க ரெஜினா. ட்ரெயினிங் குடுத்தோம், சைன் இருக்கு. சாவிய அந்தப் பொண்ணு குடுத்துடுச்சு. உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

"அப்பறம் என்ன. உங்களுக்குத் தெரியாததா." எழுந்து கதவு வரைக்கும் வந்தவர், வெளியே என் மேஜைப் பக்கம் பார்த்து, "அந்த ரிங் இங்க எதுக்குக் கெடக்கு?" என்றார். நானே எடுத்துப் போய்க் காரில் போட்டேன்.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: பயிற்சி பெற்ற தொழிலாளி, விதிக்கு மாறாகத் தன் சாவியை ஒப்படைத்தார். யாரிடம் என்று எழுதவில்லை. அரசு இன்ஸ்பெக்டர் வந்தார். சாவி எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டார், அவளிடம் என்றேன். அது அவளுக்குத் தெரியுமா என்றார், தெரியும் என்றேன். கையெழுத்தைக் காட்டினேன். சாவி யாரிடம் இருந்தது என்று அடுத்து கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டுவிடட்டும் என்றும் இருந்தது, கேட்டுவிடக் கூடாதே என்றும் ஜெபித்தேன். அவள் சாவியை பாலு அங்கிளிடம் கொடுத்திருப்பாள், அவர் கவனிக்காமல் திறந்துவிட்டார் என்பதே இன்ஸ்பெக்டருக்குப் போதுமாக இருந்தது. ஜெபம் பலித்தது. அந்த மாதிரி ஜெபம் ஏன்தான் பலிக்கிறதோ.

விதியை மீறியதாகச் சிந்துஜாவுக்கு ஒரு கடிதம் போயிற்று. கை ஆறும் முன்பே வேலையும் போயிற்று. கணவனுக்கு டெக்சஸில் வேறு ப்ராஜெக்ட் கிடைத்து, அங்கே காப்பெல் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு ஃபேக்டரியில் ஒவ்வொருவருக்கும் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு துணிப் பை வந்தது. சாவியை அதில் போட்டுக்கொள்ளலாம். நாலு விரலுக்குப் பிறகுதான் ஒரு துணிப் பைக்கு வழி பிறந்தது. நான் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு நின்று சாவியைக் காட்டச் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன் ரிட்டையரானபோது கேக் வெட்டினார்கள், ஒரு கேடயம் கொடுத்தார்கள். "ஆன்ட்டி இருந்தா பயமே இல்ல" என்று தியாகு சார் பேசினார். நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கார்த்திக் போன் செய்த அன்று சாயங்காலம், ஏழு வருஷம் கழித்து, சிந்துஜாவின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். பின்னால் ஒரு குழந்தை, "அம்மா, ஹூ இஸ் இட்?" என்று கேட்டது. "ஓல்ட் ஜாப்லேர்ந்து ஒரு ஆன்ட்டி" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடியோ விஷயத்தைச் சொன்னேன். நடந்ததைச் சொல்லலாம் என்று இருக்கிறேன், உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்றேன். பிறகு, இவ்வளவு காலம் சொல்லாததைச் சொன்னேன். "சாவிய நீ குடுக்கலம்மா. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"தெரியும் ஆன்ட்டி. எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீங்க எழுதிக் குடுப்பீங்கன்னு வெயிட் பண்ணேன். ஒரு வருஷம் வெயிட் பண்ணேன். எங்க வீட்ல இன்னிக்கும் நான் கவனமில்லாதவதான். பொண்ண இடது கையால தூக்கினாக்கூட 'பாத்து, பாத்து'ன்றாங்க."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சொல்லுங்க ஆன்ட்டி, வீடியோல சொல்லுங்க. ஆனா என் பேரச் சொல்லாதீங்க. உங்க பேரச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரியே, நடந்ததை முழுவதும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் கணவனுக்கும் கம்பெனிக்கும் அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்தும் இதுவரை பதில் இல்லை.

போன வாரம் ஷூட்டிங். கேமரா முன்னால் உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லி, சாவியை வாங்கியது நான்தான் என்பது வரை சொன்னேன். கார்த்திக் நிறுத்தினான். "ஆன்ட்டி, இது ரொம்ப ஹெவியா இருக்கு. லீகல் கிட்டக் கேக்கணும். பேக்கப்புக்கு ஜெனரலா ஒண்ணு எடுத்துக்கலாமா? ஃபைவ் மினிட்ஸ்ல வந்துடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

என்னால் உட்கார முடியவில்லை. விசிட்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு லைன் பக்கம் போனேன். மதியம் கழுவும் நேரம். மிக்சர் சுவிட்சில் சிவப்புப் பூட்டுகள். பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு இரும்பு வளையம், வளையத்தில் நாலு சாவி. என் வளையம் என் வீட்டில்தான் கிடக்கிறது. இது புதிது.

ஒரு பெண் தன் பூட்டைப் போட்டுவிட்டு வளையத்தை எடுத்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். "இது என்னம்மா?" என்றேன்.

"இதுவா? ஆன்ட்டி ரிங். எல்லார் சாவியும் இதுல மாட்டிடுவோம்."

"எந்த ஆன்ட்டி?"

"தெரியல ஆன்ட்டி. முன்னாடி யாரோ இருந்தாங்களாம், அவங்க ஐடியாவாம்."

"இடுப்புல கட்டற பை குடுப்பாங்களே?"

"அதுல நூல் பிரியுதுன்னு குவாலிட்டில நிறுத்திட்டாங்க."

"சாவி உன்கிட்டதான் இருக்கணும்."

"பாக்கெட் இல்லையே ஆன்ட்டி, எங்க வைக்கிறது?" என்றவள், என் கோட்டையும் நரைத்த தலையையும் பார்த்தாள். யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டாள் போல. "அப்ப நீங்களே வச்சுக்குங்க ஆன்ட்டி" என்று சாவியை என் பக்கம் நீட்டினாள். அவ்வளவு மரியாதையாக, வலது கையால், இடது கை முழங்கையைத் தொட.

என் கை எழுந்தது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மற்றொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"உன் கையிலயே வச்சுக்கோ."

"கையில சாவிய வச்சுக்கிட்டு எப்படி ஆன்ட்டி வேலை பண்றது?"

"பண்ணாதே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இருபத்தோரு வருஷத்தில் நான் ஒருத்தியிடமும் சொன்னதில்லை. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்தம்மாவுக்கு என்ன கோபம் என்று நினைத்திருப்பாள். உள்ளேயிருந்து யாரோ, "சீக்கிரம் வாடி, லைன் ஓடணும்" என்று கூப்பிட்டார்கள். கார்த்திக் வேறு, ஜெனரலா ஒண்ணு எடுத்துடலாம் வாங்க ஆன்ட்டி என்று வாசலில் வந்து நின்றான். அவள் மிக்சரைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.